பாட்டுப் பெட்டியைக் காலி செய்வது எப்படி?

முதலில் நல்ல நாள் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கூடாது. அன்றைக்கு வீட்டில் எல்லோரும் இருப்பார்கள், என்ன செய்கிறாய் என்று கேட்பார்கள், பதில் சொல்ல முடியாது. மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை உத்தமம்.

அடுத்து பீரோவைத் திறந்து பழைய ஐபாடை எடுங்கள். என்னுடையது 2009இல் வந்த 160 ஜிபி கிளாசிக். வட்டச் சக்கரத்தை விரலால் தடவித் தடவிப் பாட்டைத் தேடுகிற ரகம். 40,000 பாட்டு கொள்ளும் என்று விளம்பரம் செய்தார்கள். பாட்டுக்கு நாலு நிமிடம் என்று வைத்தால், சாப்பிடாமல் தூங்காமல் 111 நாள் கேட்கலாம். நான் 11,000 சொச்சம்தான் ஏற்றியிருந்தேன். எதை எத்தனை முறை கேட்டோம் என்று அந்தப் பெட்டி கணக்கு வைத்திருக்கும். அதைத் திறந்து பார்க்காதீர்கள். நம்மைப் பற்றி நாம் வைத்திருக்கும் நல்ல அபிப்பிராயம் எல்லாம் போய்விடும்.

இப்போது ஒயர். கிளாசிக் 2014இல் நின்றது; ஐபாட் வகையே 2022இல் முடிந்தது. அதன் ஒயரோ 30 பின் கொண்ட பட்டையான சங்கதி. இன்றைய போன் எதற்கும் பொருந்தாது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடைப் பையன் நான் கேட்டதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மூன்று வேறு ஒயர்களை எடுத்து வைத்தான். “இதுல எது சார்?” எதுவும் இல்லை என்றேன். “அப்ப புதுசா ஒரு போன் வாங்கிடுங்க சார்” என்றான். கடைசியில் எங்கள் வீட்டுப் பரண் மேலேயே, கொலு பொம்மைப் பெட்டிக்குள், செட்டியார் பொம்மையைச் சுற்றிய துணிக்கு நடுவில் அது கிடைத்தது. கழுத்தில் லேசாக விரிசல். இடது பக்கமாக வளைத்துப் பிடித்தால் வேலை செய்யும்.

வளைத்துப் பிடித்துக் கம்ப்யூட்டரில் சொருகியதும், பாட்டு ஏற்றுகிற சாஃப்ட்வேரான ஐடியூன்ஸ் தானாக எழுந்து ஒரு கேள்வி கேட்கும். இந்தப் பெட்டி வேறொரு கம்ப்யூட்டரோடு சேர்ந்தது, இதில் இருப்பதை அழித்துவிட்டு என்னிடம் இருப்பதை ஏற்றட்டுமா என்று கேட்கும். உங்களிடம் இருப்பது புது கம்ப்யூட்டர், அதில் ஒரு பாட்டும் கிடையாது என்பது அதற்குப் பொருட்டில்லை. ஐபாட் கோயில் உண்டியல் மாதிரி: பாட்டு உள்ளே போகும், வெளியே வராது. ஒருவர் கம்ப்யூட்டரிலிருந்து இன்னொருவர் கம்ப்யூட்டருக்குப் பாட்டைச் சுமந்து போய்விடக் கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு. நான் கம்ப்யூட்டர் கேட்கும் எந்தக் கேள்வியையும் படிக்காமல் ‘ஓகே’ அமுக்கிப் பழகியவன். விரல் இறங்குகிற நேரத்தில் ஒயர் நழுவி, கேள்வி மறைந்தது. விரிசல் விட்ட ஒயரை அதன் பிறகு நான் திட்டுவதில்லை. நீங்கள் ‘வேண்டாம்’ என்று சொல்லி, ஐடியூன்ஸை மூடிவிட்டு, வெளியே தெரியும் டிரைவைத் திறங்கள்.

திறந்தால் பாட்டே இருக்காது. பதற வேண்டாம், ஒளித்து வைத்திருக்கிறார்கள். விண்டோஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொன்னால் ‘ஐபாட் கண்ட்ரோல்’ என்று ஒரு ஃபோல்டர் தலை காட்டும். அதற்குள் ‘மியூசிக்’. அதற்குள் எஃப்00, எஃப்01 என்று வரிசையாக அறைகள். ஒவ்வொரு அறையிலும் நாலெழுத்துப் பெயரோடு பாட்டுகள். அந்த நாலெழுத்துக்கும் பாட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. எது சுப்ரபாதம், எது குத்துப் பாட்டு என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் திருவிழாவுக்கு அழைத்துப் போகும் குழந்தையின் சட்டைப் பையில் முகவரிச் சீட்டு வைப்போமே, அந்த மாதிரி ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் பெயர், படம், பாடியவர் எல்லாம் எழுதிய சீட்டு ஒன்று உண்டு. அதற்கு டேக் என்று பெயர். ஆகவே மொத்த ஃபோல்டரையும் அப்படியே ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்து, ஏதாவது மியூசிக் சாஃப்ட்வேரில் போட்டால், சீட்டைப் படித்து அதுவே பெயர் வைத்துவிடும்.

ஒன்றிரண்டு மணி நேர வேலை. புத்திசாலிகள் இத்தோடு நிறுத்திக்கொண்டு காபி குடிக்கப் போய்விடலாம். மற்றவர்கள் மேலே படிக்கவும்.

அந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிற ஆசை உங்களுக்கு வரும். வரக் கூடாது, ஆனால் வரும். 1976இல் ‘அன்னக்கிளி’யோடு வந்த இளையராஜா ஒரே ஒருவர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் ‘எல்’ ஒன்றா இரண்டா, நடுவில் ‘ஐ’ உண்டா இல்லையா, பின்னால் ‘ஏ’ ஒற்றையா இரட்டையா என்று பார்த்தால் எட்டு வகையில் எழுதலாம். என் பெட்டியில் ஏழு பேர் இருந்தார்கள். எட்டாமவர் இல்லையே என்று சிறு வருத்தம்கூட வந்தது.

1996இல் இந்தச் சீட்டை முதலில் வடிவமைத்தபோது, ஃபைலின் வாலில் 128 பைட் இடம் ஒதுக்கினார்கள். பாட்டுப் பெயருக்கு 30 எழுத்து, பாடியவருக்கு 30. நம்மூர் ஜோடிப் பாட்டுகளை அவர்கள் கேட்டதில்லை போலும். எஸ்.பி.பாலசுப்ரமணியம், எஸ்.ஜானகி என்று புள்ளிக்கும் இடைவெளிக்கும் மரியாதை கொடுத்து ஆங்கிலத்தில் எழுதினால் 33 எழுத்து. கடைசி மூன்று வெட்டுப்பட்டு, ஜானகி அம்மா ‘எஸ்.ஜான்’ ஆகிவிடுகிறார். என்னிடம் எஸ்.ஜான் பாடிய பாட்டுகள் நிறைய உண்டு.

பாட்டின் வகைக்கு ஒரே ஒரு எண். பட்டியலில் 80 வகை. போல்கா உண்டு, கர்நாடக சங்கீதம் கிடையாது. பூஜ்யம் என்றால் ‘புளூஸ்’. ஏற்றியவர் வகையைப் பற்றிக் கவலைப்படாமல் பூஜ்யமாக விட்டிருந்தால், பாட்டு எதுவானாலும் புளூஸ்தான். நான் மூன்றாவது வாரமாக இந்தச் சீட்டுகளைத் திருத்துவதில் மூழ்கிக் கிடந்தபோது அம்மா வந்து, “ஏண்டா, அத்தனை பாட்டு வச்சிருக்கியே, ஒரு சுப்ரபாதம் போடேன்” என்றாள். பக்திப் பாட்டு ஃபோல்டரில் இல்லை. பழைய பாட்டிலும் இல்லை. அரை மணி கழித்து, அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோக கீதங்களுக்கு நடுவில் எம்.எஸ்.அம்மா வேங்கடேசரை எழுப்பிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தேன். அதற்குள் அம்மா டிரான்சிஸ்டரைப் போட்டுவிட்டாள்.

ஒரே பாட்டு மூன்று பிரதி இருந்தால் எதை வைத்துக்கொள்வது? ஒலித் தரத்தைக் குறிக்கும் கேபிபிஎஸ் எண் பெரியதாக இருப்பதை வை என்பார்கள். நம்பாதீர்கள். 128 கேபிபிஎஸ் பாட்டையே யாரோ 320 ஆக மாற்றியிருப்பார்கள். அரை லிட்டர் தண்ணீர்ப் பாலை அண்டாவில் ஊற்றினால் கெட்டிப் பாலாகுமா? காதால் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். நான் ‘கேட்டு முடிவு செய்ய’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு, மூன்று பிரதியையும் அதில் வைத்திருக்கிறேன். இப்போது அதுதான் என்னிடம் இருக்கும் மிகப் பெரிய ஃபோல்டர்.

எல்லாம் முடிந்ததும் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். என்னுடையது மச்சினர் வீட்டில் இருக்கிறது. அதில் தன் மகளின் கல்யாண வீடியோ இருப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

காலி செய்த ஐபாடை என்ன செய்வது என்று கேட்பீர்கள். நான் காலி செய்யவில்லை, காப்பிதான் எடுத்தேன். ராத்திரி மொட்டை மாடிக்குப் போகும்போது அதைத்தான் எடுத்துப் போகிறேன். பாட்டுக்கு நடுவே யாரும் அதில் போன் பண்ண முடியாது. ஏழு இளையராஜாவும் எஸ்.ஜானும் அதில் பழையபடியே இருக்கிறார்கள். சார்ஜ் ஏற்றுவதுதான் பாடு. ஒயரை இப்போது இரண்டு பக்கமும் வளைக்க வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் 30 பின் ஒயர் ஏதாவது கிடந்தால், தயவுசெய்து குப்பையில் போட்டுவிடாதீர்கள். எனக்குக் கொடுங்கள்.