முதலில் தண்ணீர், பிறகு மீன்

கேள்வி: மகளுக்காக முதன்முதலாக மீன் தொட்டி வைக்கப் போகிறேன். எங்கள் கிணற்று நீர் இலேசான உவர். தங்கமீன் விடலாமா?
– வாசகர், நெடுந்தீவு

பதில்: மீனுக்கேற்ற தண்ணீரைத் தேடினால் குறிகட்டுவான் படகிலேயே காலம் போய்விடும்; தண்ணீருக்கேற்ற மீனைத் தேடுங்கள்! சுண்ணாம்புக்கல் நிலத்துக் கடின நீர் கப்பிக்கும் மொலிக்கும் பிடிக்கும். இலேசான உவரையும் தாங்கும். தங்கமீன் பெரிதாக வளரும், சிறு தொட்டிக்கு ஆகாது.

40 லீட்டர் தொட்டியில் வடிகட்டியை ஓட்டி, தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு, ஐந்தாறு வாரம் மீனில்லாமல் விடுங்கள். அழுகும் தீனியிலிருந்தும், பின்னர் மீன் கழிவிலிருந்தும் வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், பிறகு தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் அதற்குள் குடியேறும்.

அப்புறம் ஐந்து கப்பி, ஆண்கள் மட்டும். பெண்ணும் சேர்ந்தால் சில மாதங்களில் ஊருக்கே மீன் பங்கிட வேண்டிவரும்!

வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றுங்கள். ஆவியாகிக் குறைந்ததை மழைநீரால் நிரப்புங்கள். கிணற்று நீரென்றால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.