தகுதியை அளந்தருளும் மகாசமூகத்திற்கு ஒரு விக்ஞாபனம்

மகா-ராஜ-ராஜ-ஸ்ரீ தேசியத் தேர்வு முகமையின் மேலதிகாரிகள் சமூகத்திற்கு, விழுப்புரம் ஜில்லா முண்டியம்பாக்கத்துக் குடியானவன் அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது. உபயக்ஷேமம். இங்கே கரும்பு க்ஷேமமாக இருக்கிறது. கரும்புக்காரனுடைய க்ஷேமத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எங்கள் ஊரில் பெரிய ஸ்தாபனங்கள் இரண்டு. ஒன்று சர்க்கரை ஆலை; மற்றொன்று 2010ஆம் வருஷம் தொடங்கிய அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி. அரவைக் காலத்தில், எடைமேடைக்கு முறை வரும்வரை கரும்பேற்றிய டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்க, அந்த நிழலில் துண்டை விரித்துப் படுத்திருப்பவர்கள், கல்லூரி இருக்கும் திசையைக் காட்டி, "நம்ம புள்ளைல ஒண்ணாவது அதுக்குள்ள வெள்ளைக் கோட்டு மாட்டிக்கிட்டுப் போவணும்" என்று பேசிக்கொள்வது உண்டு. நோயாளியாக உள்ளே போவதற்கு எங்களுக்கு எவருடைய தயவும் வேண்டியதில்லை. வைத்தியம் படிக்கப் போவதற்குத்தான் தங்கள் கடாட்சம் வேண்டியிருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை நம்பிப் பிள்ளைகளை டாக்டர்களாக்கிவந்த எங்கள் பேதைமை, 2017இல் மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வு எங்களுக்கும் கட்டாயமானதோடு தீர்ந்தது. 2019 முதல் அந்தத் தேர்வை நடத்தும் பாரத்தைத் தாங்களே சுமக்கிறீர்கள். தகுதி எந்த நிலத்தில் விளைகிறதென்பதும் அந்த வருஷமே வெளிப்பட்டது: அரசு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த 3081 பேரில், பயிற்சி மையத்தின் படியேறாதவர்கள் 48 பேர்தாம் என்று தமிழக அரசு சென்னை உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தது. சரஸ்வதி தேவி ரசீது வாங்கிக்கொண்டுதான் அருள்பாலிக்கிறாள் என்பதை அதுவரை நாங்கள் அறிந்திருக்கவில்லை.

அந்த ரசீதுக்கு வேண்டிய பணமோ எங்களிடம் உரிய காலத்தில் இருப்பதில்லை. கரும்பு கொடுத்த 14 நாளில் கிரயம் கைக்கு வரவேண்டுமென்று 1966ஆம் வருஷத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை விதித்திருந்தும், நிலுவை கேட்டு வருஷக்கணக்காகக் கொடிபிடிப்பது தமிழ்நாட்டுக் கரும்புக்காரனுக்குப் பழகிப்போன சமாசாரம். 'நிலுவை வந்ததும் கட்டிவிடுகிறேன்' என்றால் பயிற்சி மையம் ஒத்துக்கொள்ளுமா? பணமுள்ள வீட்டுப் பிள்ளை முதல் தடவை தவறினால், மறுதாம்புக் கரும்பைப்போல மறு வருஷமும் அதற்கடுத்த வருஷமும் துளிர்க்கலாம்; எங்கள் வீட்டுப் பெண்ணோ தவறிய மறுமாதமே நூற்பாலைக்கோ கல்யாணப் பந்தலுக்கோ போய்விடுகிறாள்.

தேர்வுக் கூடத்து வாசலில் அவளுடைய காதுத் தோட்டையும் தலைக் கிளிப்பையும் கழற்றச்சொல்லிப் பரிசோதிக்கும் தங்கள் ஜாக்கிரதையை மெச்சுகிறேன். அவ்வளவு ஜாக்கிரதைக்கும் தப்பி, 2024இல் ஹசாரிபாகிலும் பாட்னாவிலும் வினாத்தாள் கசிந்ததை உச்ச நீதிமன்றமே குறிப்பிட நேர்ந்தது. அதே வருஷம் 1563 பேருக்குத் தாங்கள் வழங்கிய கருணை மதிப்பெண்ணையும் திரும்பப் பெற்றுக்கொண்டீர்கள். தோட்டில் தேடியது வினாத்தாள் பெட்டியில் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

2020இல், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு தரும் மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியபோது, அது ஆளுநர் மாளிகையில் ஏறக்குறைய ஆறு வாரம் பரிசீலனையில் இருந்தது. இப்படிப்பட்ட சலுகைகளால் வைத்தியத்தின் தரம் என்ன கதியாகுமோ என்று கவலைப்படும் கனவான்கள், 2022இல் பொதுப் பிரிவில் 720க்கு 117 எடுத்தவரும் தேறியவரானபோது ஏனோ கவலைப்படவில்லை. தேறினால் போதும், தனியார் கல்லூரியில் மிச்சத்தை மணிபர்ஸ் பார்த்துக்கொள்ளும். 2023இல் முதுநிலை மருத்துவப் படிப்பில் இடங்கள் காலியாகக் கிடந்தபோது, தேறுவதற்கான வரம்பைப் பூஜ்ய சதமானத்துக்கே இறக்கியது மத்திய சர்க்கார். அது தங்கள் முகமை நடத்திய தேர்வன்று என்பதை அறிவேன். ஆனாலும் இடத்துக்கு விலை இருந்தால் பூஜ்யமும் யோக்கியதையாகும், விலை கொடுக்க வழியில்லாதவனுக்கு 500ம் போதாது என்கிற சித்தாந்தம் எல்லா அலுவலகங்களுக்கும் பொதுவாகத்தானே இருக்கிறது?

ஆகையால் என் பிரார்த்தனை ஒன்றே. தேர்வை ரத்து செய்யும்படி எங்கள் சட்டமன்றம் கேட்டுப்பார்த்தாயிற்று. நான் அவ்வளவு பெரிய காரியத்தைக் கேட்கவில்லை. இனித் தாங்கள் வெளியிடும் மதிப்பெண் பட்டியலில், ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில், அதற்காக அந்த வீட்டார் செலவழித்த ரூபாயையும், பள்ளி முடித்த பிறகும் அந்தப் பிள்ளை தேர்வுக்காக வீட்டிலிருந்து படித்த வருஷங்களையும், தகப்பனாரின் உத்தியோகத்தையும் சேர்த்து அச்சிட்டருள வேண்டும். தேசம் முழுவதும் அதைப் பார்க்கட்டும். பார்த்த பிறகும் இதுவே தகுதி என்று சொல்லத் தங்களுக்குத் துணிவிருந்தால், சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
முண்டியம்பாக்கம் கரும்புக் குடியானவன்