பரண்மேல் அண்டா: நிலையாற்றல் வேறுபாடு குறித்து ஓர் ஆய்வு

பித்தளை அண்டா என்பது ஆண்டு முழுவதும் பரணில் கிடந்து, வளைகாப்பு, திவசம், பொங்கல் என்றால் மட்டும் தரைக்கு வரும் பாத்திரம். அதை ஏற்றி இறக்குவது பற்றிப் பெருமூச்சு விட்டவர்கள் உண்டு. முறையாக ஆராய்ந்தவர்கள் இல்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட அண்டா 10 கிலோ. தரையிலிருந்து பரண் 2 மீட்டர். நிறை, புவியீர்ப்பு முடுக்கமாகிய 9.8, உயரம் மூன்றையும் பெருக்கினால் 196 ஜூல் வருகிறது. நேரே தூக்கினாலும் 196தான். கூடத்தைச் சுற்றி, எதிர்வீட்டாரிடம் காட்டி, மாடிப்படி ஏறி இறங்கிக் கொண்டுவந்து வைத்தாலும் 196தான். புவியீர்ப்புக்குப் புறப்பட்ட இடமும் சேர்ந்த இடமும் தெரிந்தால் போதும். வழியில் பட்ட பாட்டை அது விசாரிப்பதில்லை. ஆகவே பொங்கலுக்கு இறக்கி, புளி போட்டுத் துலக்கி, மீண்டும் ஏற்றிவிட்டால் அண்டாவின் நிலையாற்றலில் நிகர மாற்றம் பூச்சியம். இந்த முடிவைத் துலக்கியவர் காதுபடப் படிக்க வேண்டாம்.

இனி முக்கியமான சர்ச்சை. அண்டா பரணில் இருக்கும்போது அதன் நிலையாற்றல் எவ்வளவு? தரைக் கட்சியினர் தரையைப் பூச்சியம் என்று வைத்து 196 என்பர். பரண் கட்சியினருக்குப் பரணே பூச்சியம். தரைக்கு வந்த அண்டா மைனஸ் 196. தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்திலுள்ள மொட்டைமாடியைப் பூச்சியமாகக் கொள்வோர், பரணில் மைனஸ் 98, தரையில் மைனஸ் 294 என்று எழுதுவர். மூன்று கட்சியும் ஒன்றையொன்று முட்டாள் என்று சொல்லலாம். ஆனால் ஏற்றினால் எவ்வளவு கூடுகிறது என்று கேளுங்கள்: மூவரும் ஒரே குரலில் 196 என்பார்கள். வேறுபாடு மட்டுமே உண்மை, மற்றது அவரவர் சௌகரியம். பதினோராம் வகுப்பு மாணவன் மைனஸ் விடையைக் கண்டு பதறி அடித்துத் திருத்துவதெல்லாம், தான் எந்தக் கட்சி என்பதை முதல் வரியில் எழுதாததால் வரும் வினை.

நான்காவதாக முடிவிலிக் கட்சி ஒன்று உண்டு; வானியலாளர்கள் இதில் அதிகம். பூமியை விட்டு முடிவில்லாத் தொலைவுக்குப் போனால்தான் பூச்சியம் என்பது இவர்கள் கொள்கை. இவர்கள் கணக்கில் தரையிலுள்ள அண்டா ஏறக்குறைய மைனஸ் 62.5 கோடி ஜூல். பரணில் வைத்தால் அந்த மைனஸின் அளவில் 196 குறைகிறது. யாருக்கும் கண்ணில் படாது. இந்த 62.5 கோடி, மின்சார அளவில் சுமார் 174 யூனிட். அண்டாவைப் பூமியை விட்டே ஒழித்துக்கட்ட எண்ணும் குடும்பங்கள் இதைக் குறைந்தபட்சச் செலவாகக் கொள்ளலாம்.

அடுத்தது குறிச் சிக்கல். தூக்கியவர் செய்த வேலை பிளஸ் 196. புவியீர்ப்பு செய்தது மைனஸ் 196. இரண்டையும் கூட்டினால் பூச்சியம். அண்டா தரையிலும் அசையாமல் இருந்தது, பரணிலும் அசையாமல் இருக்கிறது. எனவே அதன் இயக்க ஆற்றலில் மாற்றமில்லை, கணக்கு சரி. அப்படியானால் நிலையாற்றலில் கூடிய 196 எங்கிருந்து வந்தது? புதிதாக எங்கிருந்தும் வரவில்லை. புவியீர்ப்பு செய்த வேலையின் குறியை மாற்றி எழுதினால் அதுவே நிலையாற்றல் மாற்றம். இரண்டையும் ஒரே சமன்பாட்டில் சேர்ப்பவர், ஒரு செலவை இரண்டு பக்கத்தில் எழுதிவிட்டுக் கல்லாவில் பணம் உதைக்கிறதே என்று விழிக்கும் கணக்குப்பிள்ளை.

ஸ்காட்லாந்துப் பொறியாளர் வில்லியம் ரேங்கின் 1853-ல்தான் நிலையாற்றலுக்கு ஆங்கிலப் பெயர் சூட்டினார். அதற்கு முன்பும் அண்டாக்கள் விழுந்துகொண்டுதான் இருந்தன. 2 மீட்டரிலிருந்து விழும் அண்டா மணிக்கு சுமார் 22.5 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். உள்ளே வைத்த கரண்டி தனியாக விழுந்தாலும் அதே வேகம். எனினும் மொசைக் தரை இரண்டையும் ஒன்றாக நடத்துவதில்லை, ஏனெனில் ஆற்றலில் நிறைக்கும் பங்கு உண்டு. இன்னொன்று: அந்த 196 ஜூல் அண்டாவின் தனிச்சொத்து அல்ல, அண்டாவும் பூமியும் சேர்ந்த கூட்டுச் சொத்து. அண்டா கீழே வரும்போது பூமியும் மேலே வருகிறது. எவ்வளவு என்றால், ஓர் அணுக்கருவின் அளவிலும் கோடிக்கணக்கான மடங்கு குறைவு. மரியாதைக்கு எழுந்து நிற்பது போன்ற பாவனை என்றாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, ஏற்றியவர் கேட்கும் காபி. ஒரு கரண்டி சர்க்கரை 5 கிராம் என்றால் சுமார் 20 கிலோ கலோரி, அதாவது 84,000 ஜூல் அளவு. வெறும் அண்டாவுக்கு இது நானூறு தடவைக்கு மேல் போதும். நியாயமாகப் பார்த்தால், 60 கிலோ மனிதர் அரை மீட்டர் ஸ்டூலில் ஏற மட்டும் 294 ஜூல் வேண்டும். அண்டாவைவிடத் தம்மைத் தூக்கியதே அதிகம். மொத்தம் 490. தசைகள் உண்டதில் கால்வாசியைத்தான் வேலையாக்கும் என்று தாராளமாகக் கழித்தாலும், அதே கரண்டிச் சர்க்கரைக்கு நாற்பது தடவை ஏற்ற வேண்டும். ஒருமுறை ஏற்றிவிட்டு இரண்டு கரண்டி கேட்பவர், “பரணில் இடம் ஒதுக்கும்வரை தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேனே” என்பார். அண்டா அசையாததால் அப்போது அதன்மேல் செய்த வேலை பூச்சியம். தசைக்குள் இழைகள் ஓயாமல் இழுத்து ஆற்றலைச் செலவழித்ததும் உண்மைதான். ஆனால் அது வெப்பமாக அவர் உடம்பிலேயே போனது. அதற்கு அவருக்குக் காபி வேண்டாம், விசிறி போதும்.