பத்து நிமிஷ அப்பா

கடற்கரையில் இவரை அடையாளம் கண்டுபிடிக்க முடியாது. அங்கே எல்லா அப்பாக்களையும்போல இவரும் ஈரத்துண்டோடும் உருகும் ஐஸ்கிரீமோடும் யார் பின்னாலாவது ஓடிக்கொண்டிருப்பார். எரிமலைக்கு வழி காட்டும் பலகை ஒன்று கண்ணில் பட வேண்டும், ஆளே மாறிவிடுவார். தொப்பியின் பின்பக்கம் ஒரு துணி தொங்கும். கால்சட்டையில் முழங்காலுக்குக் கீழேகூடப் பை முளைக்கும். பெண்டாட்டி பிள்ளைகளை ‘டீம்’ என்று கூப்பிட ஆரம்பிப்பார்.

ஹவாயின் பெரிய தீவில், எரிமலைகள் தேசியப் பூங்காவுக்குள், கிலாவேயா இக்கி என்றொரு பள்ளம் இருக்கிறது. இந்த அப்பாக்களைக் கூட்டமாகப் பார்க்க அதைவிடத் தோதான இடம் கிடையாது. டெக்சாஸ்காரர் உண்டு, ஒசாகாக்காரர் உண்டு, முனிச்சிலிருந்து வந்தவரும் உண்டு. நம்மவர் பெரும்பாலும் கலிஃபோர்னியாவில் வேலை பார்ப்பவர். ஊரிலிருந்து ஆறு மாதம் தங்கிப்போக வந்திருக்கும் தன் அப்பா அம்மாவையும் கூட அழைத்து வருவார். மற்ற நாட்டுப் பிள்ளைகளின் புலம்பல் எனக்கு அவ்வளவாகப் புரியாது. அதனால் நம்மவரை வைத்தே சொல்கிறேன்.

பாதையைக் குறை சொல்லக் கூடாது. மொத்தச் சுற்று 5.3 கிலோமீட்டர்தான். மழைக்காட்டு வழியாக ஒரு 120 மீட்டர் இறங்கி, பள்ளத்தின் தரையைக் குறுக்கே கடந்து, எதிர்ப்பக்கம் ஏறினால் முடிந்தது. பூங்காக்காரர்கள் இரண்டு முதல் மூன்று மணி நேரம் என்கிறார்கள். ஏழு வயதுப் பிள்ளை தாராளமாக நடக்கும். முழங்கால் ஒத்துழைத்தால் எழுபது வயதும் நடக்கும். தலைமை தாங்க ஆள் கிளம்பும்போதுதான் சிக்கல்.

“காலைல அஞ்சு மணிக்கு ஷார்ப்பா கிளம்பறோம். ஒன்றரை மணி நேரத்துல முடிச்சிரலாம்” என்று முந்தின இரவே உத்தரவு போட்டுவிடுவார். ஐந்து மணிக்கு எழுந்தவர் பாட்டி ஒருத்திதான். கையோடு கொண்டுவந்த ரைஸ் குக்கரில் சாதம் வைத்து, புளிக்காய்ச்சல் போட்டுக் கிளறி, டப்பாவில் அடைத்து, சாமி கும்பிட்டு, மகன் எழுந்திருப்பதற்காகக் காத்திருந்தார். கோனா கடற்கரை ஓட்டலிலிருந்து பூங்கா 150 கிலோமீட்டருக்கு மேல். எட்டரைக்குக் கிளம்பி, வழியில் காபிக்கு நின்று, படத்துக்கு நின்று, வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றரை. வண்டி நிறுத்த ஒரு இடம்கூடக் காலியில்லை.

“பத்தே நிமிஷம். யாராவது எடுப்பாங்க” என்றார். அன்றைய முதல் பத்து நிமிஷம் அதுதான். நாற்பது நிமிஷம் நீடித்தது.

கோனாவில் வெயில் கொளுத்தும். இங்கே பள்ளத்தின் விளிம்பே 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தூறலும் குளிரும் சொல்லாமல் வரும். பிள்ளைகள் அரை டிராயரில் நடுங்கினார்கள். தலைவரின் முதுகுப்பையில் திசைகாட்டி இருந்தது, விசில் இருந்தது, ஆற்றுத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் மாத்திரை இருந்தது (பக்கத்தில் ஆறு கிடையாது), பூங்காவுக்குள் பறக்கவிடவே கூடாத ட்ரோனும் இருந்தது. ஸ்வெட்டர் இல்லை. பாட்டியின் ஜோல்னாப்பையிலிருந்து இரண்டு சால்வையும் தாத்தாவின் குரங்குக் குல்லாவும் வந்தன. விமான நிலையத்தில் அந்தக் குல்லாவைப் பார்த்து, “தாத்தா, ப்ளீஸ், கழட்டுங்க” என்று கெஞ்சிய பேத்தி இப்போது அதற்காகத் தம்பியோடு மல்லுக்கு நின்றாள்.

இறங்குவழி முழுக்க மரம் உயரத்துக்குப் பெரணிகள். சிவப்புச் சிவப்பாகப் பூக்கும் ஓஹியா மரங்கள். பார்த்துக்கொண்டே நடக்கலாம். ஆனால் தலைவர் விரிவுரையைத் தொடங்கிவிட்டார். “1959 நவம்பர் 14-ஆம் தேதி ராத்திரி என்ன ஆச்சு தெரியுமா?” தெரியாது என்று யாரும் சொல்லவில்லை. தெரியும் என்றும் சொல்லவில்லை. அது அவருக்குப் போதுமானதாக இருந்தது. விஷயம் என்னவோ மலைக்க வைப்பதுதான். பள்ளத்தின் சுவர் பிளந்து லாவா பீறிட்டது. டிசம்பர் 20 வரை விட்டு விட்டு நடந்த கூத்தில் ஒரு கட்டத்தில் நெருப்பு ஊற்று 580 மீட்டர் உயரம் போயிற்று. ஈபிள் கோபுரத்தின் உச்சியையும் தாண்டிய உயரம். மழைக்காடாக இருந்த பள்ளம் நூறு மீட்டருக்கும் மேல் ஆழமான லாவா ஏரியாயிற்று. அந்த ஏரியின் மேலோட்டில்தான் நாம் நடக்கப் போகிறோம் என்று சொல்லி, கையை உயர்த்தி, ஒரு கணம் நிறுத்தினார்.

“அப்பா, பாத்ரூம்” என்றான் பையன்.

கழிப்பறை மேலே, நாஹூக்கு லாவாக் குகைப் பக்கம் இருந்தது. “கிளம்பறப்பவே கேட்டேனே, போகணுமான்னு” என்று எல்லா அப்பாக்களும் சொல்வதைச் சொன்னார். அப்போது வரவில்லை என்று எல்லாப் பிள்ளைகளும் சொல்வதை அவனும் சொன்னான். அம்மாதான் திரும்ப ஏறிக் கூட்டிப்போய் வந்தார். தலைவர் அங்கேயே நின்று வியூகத்தை மறுபரிசீலனை செய்தார்.

பள்ளத்தின் தரை கறுப்பாக, பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. வெடிப்புகளில் அங்கங்கே ஆவி வருகிறது. மழைநீர் கீழே கசிந்து, இன்னும் சூடு அடங்காத பாறையைத் தொட்டு, ஆவியாகத் திரும்புகிறது. இதை மகனுக்கு விளக்கத் தலைவர் மேக்மா, வெப்பச்சலனம், படிகமாதல் என்று மூன்று பாடம் எடுத்தார். பையன் கொட்டாவி விட்டான். பாட்டி குனிந்து ஆவியில் கையைக் காட்டிவிட்டுச் சொன்னார்: “பால் காய்ச்சி வச்சா மேல ஆடை படர்ந்துரும், உள்ள கொதி அடங்காது இல்ல? அப்படித்தான்டா கண்ணு.”

அதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தார் 1960 முதல் பல வருஷம் இந்த மேலோட்டில் துளை போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். உள்ளே இருந்த குழம்பு முழுசாக உறைய முப்பது வருஷத்துக்கு மேல் பிடித்தது.

அதற்கப்புறம் பிள்ளைகள் பாட்டி பக்கம் போய்விட்டார்கள். வெடிப்பில் முளைத்த ஒரு சின்னப் பெரணியின் முன்னால் கால்மணி நேரம் உட்கார்ந்தார்கள். மண்ணே இல்லாத இடத்தில் இது எப்படி வந்தது என்று அவர்களாகவே சண்டை போட்டுக்கொண்டார்கள். பாறையில் பொட்டுப் பொட்டாக மின்னிய பச்சைப் படிகங்களைத் தேடினார்கள். ஆலிவின் என்று பேர் சொன்னது தலைவர்தான். அன்று அவர் சொன்னதில் பிள்ளைகள் காதில் ஏறிய ஒரே வார்த்தை அது. ஆனால் அவருக்கு உட்கார்வது பிடிக்காது. “பத்தே நிமிஷம், மறுபக்கம் போயிரலாம்” என்று கடிகாரத்தைப் பார்த்தார். எதிரே வந்த முனிச் அப்பாவும் தன் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். இருவரும் தலையசைத்துக்கொண்டார்கள்.

தரையில் வழி காட்டுவது கல் குவியல்கள்தான். அஹு என்பார்கள். தலைவர் அதை நம்பவில்லை, செல்போனை நம்பினார். “இப்படிக் குறுக்கே போனா பாதி தூரம்” என்று பிளவுகளைத் தாண்டி நடந்தவரை ஏழு வயது மகன்தான் கூப்பிட்டுத் திருப்பினான். பையன் சாதாரணப் பையன் இல்லை. காலையில் பார்வையாளர் மையத்தில் ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் வாங்கியிருந்தான். அதை முடித்து, உறுதிமொழி எடுத்தால் பேட்ஜ் தருவார்கள். பேட்ஜ் வாங்கப்போகும் பிள்ளையைக் கூட வைத்துக்கொண்டு சட்டம் மீறுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்பாவுக்கு அப்போதுதான் புரிந்தது. ஆபீஸ் மேஜையில் வைக்க ஒரு சின்னக் கல்லை அவர் பைக்குள் நழுவவிட்டபோதும் அவனே பிடித்தான்.

“ஒரு கல்லுதானேடா.”

“எடுக்கக் கூடாதுப்பா. ரூல்.”

எடுத்துப்போன பலர் பின்னால் அதைத் தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள், பெலே அம்மன் கோபித்துக்கொண்டாள், வேலை போயிற்று, காலை உடைத்துக்கொண்டேன் என்று மன்னிப்புக் கடிதத்தோடு. பெலே அந்த ஊர் எரிமலைத் தெய்வம். கல் எடுத்தால் சாபம் என்பது பிற்காலத்தில் கிளம்பிய கதை என்கிறார்கள். பூர்வகுடி ஹவாய் மக்களின் பழைய நம்பிக்கையில் அது கிடையாதாம். பாட்டிக்கு அந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். “அம்மன் இடம்னா முதல்லயே சொல்லியிருக்க வேணாமாடா? செருப்போட நடந்துட்டேனே” என்று மகனைத்தான் கோபித்துக்கொண்டார். கல் இருந்த இடத்துக்கே போயிற்று.

ஏறும்போதுதான் வேடிக்கை. பிள்ளைகள் குரங்குக்குட்டிகள் மாதிரி முன்னால் ஓடினார்கள். தாத்தா நின்று நின்று, ஆனால் நிற்காமல் வந்தார். தலைவர் கடைசி ஆளானார். “நான் பின்னாடி இருந்து பாத்துக்கறேன், நீங்க போங்க” என்றார். “ஏங்க, இன்னும் எவ்வளவு?” என்று மேலிருந்து மனைவி கேட்டபோது பத்து நிமிஷம் என்று சொல்ல மூச்சு இல்லை. விரல்களை விரித்துக் காட்டினார்.

நேரே வண்டிக்குப் போய்ப் புளியோதரை சாப்பிட்டார்கள். பக்கத்தில் ஒரு நேனே வாத்து வந்து நின்றது. ஹவாயின் மாநிலப் பறவை அது, தீனி போடக் கூடாது. தாத்தாவின் கை தானாக நீள, ஜூனியர் ரேஞ்சர் அவரையும் எச்சரித்தான். மகள் எடுத்த படங்களில் தலைவர் தேர்ந்தெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டது, அவர் ஒருவர் மட்டும் பாறைமேல் நின்று தூரத்தைப் பார்ப்பது. கீழே எழுதியது: ‘எரிமலையை ஜெயித்தோம்.’

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள், வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். மழைச்சட்டை அவசியம். பள்ளத்துக்குள் தண்ணீரும் கிடையாது, கழிப்பறையும் கிடையாது. முழங்கால் முடியாதவர்களுக்கும் தள்ளுவண்டிக் குழந்தைகளுக்கும் பக்கத்திலேயே டெவஸ்டேஷன் பாதை இருக்கிறது. அதே 1959 சாம்பல் காட்டினூடே தார் போட்ட வழி, போக வர ஒன்றரைக் கிலோமீட்டர் சொச்சம்தான். முன்னால் நடக்கப் பொடியனை விடுங்கள். தண்ணீர்ப்பையை அப்பா தூக்கட்டும். கடிகாரத்தைக் கழற்றி வாங்கிப் பாட்டியின் ஜோல்னாப்பையில் போட்டுவிடுங்கள்.