தூங்கினவன் கன்னு கடாக்கன்னு

ஏலே பேராண்டி, அந்த மஞ்சச் சட்டையக் கழட்டி ஆணியில மாட்டிட்டு இப்படி வந்து உக்காரு. கட்டஞ்சாயா ஆறுது பாரு. 2023 மார்ச் 3ஆம் தேதி ராத்திரி கத்த ஆரம்பிச்சவன், இன்னும் உனக்குத் தொண்டை கட்டலை. கீழ் லயத்துக்குப் புதுசா வாக்கப்பட்டு வந்த புள்ளைகிட்டக்கூட நேத்து அதே கதையைச் சொல்லிட்டு நின்ன. அவ பாவம், உறைக்குத் தயிர் வாங்க வந்தவ.

பெங்களூர் கண்டீரவா மைதானம். தொண்ணூறு நிமிஷமும் ஆளுக்குப் பூஜ்யம். கூடுதல் நேரத்துல பெங்களூருக்கு ஒரு ஃப்ரீ கிக்கு. நம்ம கேரளா பிளாஸ்டர்ஸ் பயலுக சுவரு கட்டிட்டு இருக்கையில சுனில் சேத்ரி பந்தைத் தூக்கிப் போட்டுட்டாரு. ரெஃபரி கிறிஸ்டல் ஜான் கோல்னுட்டாரு. விசிலே ஊதலைங்கிறதுதானே உன் கேஸு?

தாத்தாவா ஒரு புத்தி சொல்லுதேன், மறக்காத. கால்பந்துச் சட்டப் புத்தகத்தைக் கையால தொட்டுராத. மொத்தமே பதினேழு சட்டந்தான், ஒரு மழை நாள்ல படிச்சு முடிச்சிரலாம். படிச்சா ஆபத்து என்னன்னா, கத்துறதுக்கு விஷயம் பாதியாக் குறைஞ்சு போகும். எனக்கு அப்படித்தான் போச்சு. அதுக்கப்புறம் ஃபின்லே ஷீல்டு பாக்கப் பழைய மூணாறு மைதானத்துக்குப் போனா, எல்லாரும் ரெஃபரியோட அம்மாவை விசாரிச்சிட்டு இருக்கையில நான் மட்டும் வாய மூடிட்டுக் கடலை தின்னுட்டு இருக்கேன். ஒரு மனுசனுக்கு இது மரியாதையா?

சரி, கெட்டுப்போக ஆசைன்னா கேளு. ஃப்ரீ கிக்கு பதிமூணாவது சட்டம். பந்து அசையாம நிக்கணும். எதிராளி 9.15 மீட்டர் தள்ளி நிக்கணும். இதுல விசில் எங்க இருக்குன்னு தேடு பாப்போம். சுவரைத் தள்ளி நிறுத்துங்கன்னு அடிக்கிறவன் கேட்டாலோ, அட்டை எடுக்கவோ, அடிபட்டவனைப் பாக்கவோ, ஆளை மாத்தவோ ரெஃபரி ஆட்டத்தை நிறுத்தினாலோதான் விசிலுக்குக் காத்திருக்கணும். மத்தபடி அந்த 9.15 மீட்டர் அடிக்கிறவனுக்குக் குடுத்த சலுகைலே. எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டு அவன் அடிக்கலாம். சுவரு கட்டுறதுக்குன்னு எதிராளிக்கு எந்தச் சட்டத்துலயும் நேரம் ஒதுக்கலை. விசிலும் வேண்டாம் சுவரும் வேண்டாம்னு ரெஃபரிகிட்டச் சொல்லிட்டுத்தான் அடிச்சேன்னு சேத்ரியே பிறகு சொன்னாரு. ரெண்டு பேரு மாட்டை ஒரே தொழுவத்துல கட்டிட்டு, ஒருத்தன் தூங்குதான், ஒருத்தன் முழிச்சிட்டு இருக்கான். விடிஞ்சா எவன் மாடு கடாக்கன்னு போட்டிருக்கும்? இதுக்கு வீடியோ எதுக்கு?

அதுக்கப்புறம் நடந்ததுக்குத்தான் எனக்கு வயிறு எரியுது. கோச் இவான் வுகோமனோவிச் கையக் காட்டினாரு, மொத்த டீமும் களத்தை விட்டு வெளிய போயிருச்சு. ஆட்டம் பெங்களூருக்கு. கிளப்புக்கு 4 கோடி ரூபா அபராதம், கோச்சுக்குப் பத்து ஆட்டத் தடை, அதுக்கு மேல 5 லட்சம்.

களத்தை விட்டு வெளிய வர்றதுக்கும் ஒரு தெறமை வேணும்லே. 2015 செப்டம்பர்ல தோட்டக் கம்பெனி போனஸை 10 சதவீதமாக் குறைச்சதும் உங்க ஆச்சியெல்லாம் கொழுந்துக் கூடையை இறக்கி வச்சிட்டு மூணாறு ரோட்டுல உக்காந்தாளுகளே, பெம்பிளை ஒருமைன்னு பேரு வச்சு? யூனியன்காரனுக்கும் பக்கத்துல இடம் குடுக்கலை. ஒன்பது நாள். 20 சதவீதம்னு பேசி முடிச்சிட்டுத்தான் எந்திரிச்சாளுக. வுகோமனோவிச் ஒரு வார்த்தை நம்ம ஊருப் பொம்பளைககிட்டக் கேட்டிருந்தா 4 கோடி மிஞ்சியிருக்கும்.

ரெஃபரிக்கு நான் வக்காலத்து வாங்குதேன்னு நினைக்காத. 2024 ஜூன் 11, தோஹா. உலகக்கோப்பைத் தகுதி ஆட்டத்துல சாங்டே அடிச்ச கோலால இந்தியா முன்னால நிக்கு. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி வெளிய போச்சு. கத்தார்க்காரன் அதை உள்ள இழுத்து விட்டான், இன்னொருத்தன் கோலுக்குள்ள தட்டினான். கோல்னுட்டாங்க. கடைசியில 2-1னு தோத்தோம். பந்து முழுசாக் கோட்டைத் தாண்டினா ஆட்டத்துல இல்லைன்னு ஒன்பதாவது சட்டம். இதுல அபிப்பிராயத்துக்கு என்ன வேலை? கோடு கோடுதான். அதுக்கு நீ எவ்வளவு கத்தினாலும் நான் கூடவே கத்துதேன். ஆனா அன்னிக்கு நீ தூங்கிட்ட. மஞ்சச் சட்டைக்கு முழிப்பு, நாட்டுக்குத் தூக்கம்.

கைப்பந்து விவகாரம் வேற வகை. கை எங்க தொடங்குதுன்னு சட்டத்துலயே எழுதி வச்சிருக்கான்: அக்குளோட அடி மட்டத்துல. நம்ம வீட்டுக்குப் பட்டயம் குடுக்க அளந்துட்டுப் போன சர்வேயர்கூட இவ்வளவு துல்லியமா எல்லை சொன்னதில்லை. சொல்லிட்டு அடுத்த வரியில, உடம்பை இயல்பில்லாம அகலமாக்கினானான்னு ரெஃபரியே பாத்துக்கணும்னு விட்டுட்டான். எது இயல்புன்னு ஓடுற ஓட்டத்துல அந்த மனுசன் ஒரு நொடியில முடிவு பண்ணணும். நீ பத்து தடவை மெதுவா ஓட்டிப் பாத்துட்டுத் திட்டுத.

கொழிஞ்சாம்பாறையில உன் சித்தி ஊருப்பக்கம் செவன்ஸ் களிக்கு ஆஃப்சைடே கிடையாது. சண்டை குறைஞ்சிருக்கும்னு நம்பிப் போனேன். ஆஃப்சைடுக்குப் போட வேண்டிய சண்டையையும் சேத்து த்ரோவுக்குப் போட்டானுக.

இன்னொரு விசயம். நான் வேலை பாத்த காலத்துல கொழுந்து நிறுக்கையில ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவுன்னு கழிப்பாரு தராசுக்காரரு. முள்ளு எங்க நின்னுச்சுன்னு அவருக்கு மட்டுந்தான் தெரியும். எங்கள்ல ஒருத்தனும் ரீப்ளே கேட்டதில்லை. சாயங்காலம் மைதானத்துக்குப் போய் ரெஃபரியைப் பிடிச்சு உலுக்கினோம். அவன் பாவம், சம்பளமில்லாம ஊதினவன்.

அந்தப் பாவம் ஒரு தடவை நாந்தான். மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் ஆட்டம், கடைசி நிமிஷம், மஞ்சு இறங்கிருச்சு. என் கையே எனக்குத் தெரியலை. போஸ்ட் பக்கம் பத்துப் பேரு 'கோல்'னு கத்தினானுக. ஊதிட்டேன். அன்னிக்கு ராத்திரி மேல் லயத்துல எனக்குக் கறிச்சோறு. மூணு நாள் கழிச்சு உங்க ஆச்சி கொழுந்து எடுக்கப் போனவ, போஸ்டுக்கு நாலு நிரை தள்ளித் தேயிலைத் தூருக்குள்ள பந்து கிடந்ததைப் பாத்து, கூடைக்கு அடியில மறைச்சு வீட்டுக்குக் கொண்டாந்துட்டா.

"ரெஃபரி தீர்ப்பே முடிவு, ஐந்தாவது சட்டம்"னேன்.

"அப்ப பந்து கோலுக்குள்ளதான் கிடக்கும். அங்க போய்த் தேடச் சொல்லுங்க"ன்னுட்டு அதைக் கட்டிலுக்கு அடியில உருட்டி விட்டா. அந்தப் பந்தை உதைச்சுத்தான் உங்க அப்பன் வளந்தான்.