எடிசனைப் பெற்றவள்

எங்கள் வீட்டில் மிக்ஸி ரிப்பேர் ஆனதே இல்லை. "தம்பி பார்த்துக்கிட்டு இருக்கான்" என்பார் அம்மா, அவ்வளவுதான். அதன் மோட்டாரை அவன் கழற்றித் தானியங்கித் தேங்காய்த் துருவியில் மாட்டியிருந்தான். துருவல் சுவரெங்கும் அப்பிக் கிடக்கும், பாத்திரத்தில் மட்டும் இருக்காது. சுவரைத் துடைத்துக்கொண்டே அம்மா சொல்வார்: "எவ்வளவு மெலிசாத் துருவியிருக்கு பாரு!" புது மிக்ஸிக்குத் தவணை கட்டுவது அண்ணனாகிய நான்.

ஏதாவது கேட்டால் எடிசன் வந்துவிடுவார். 'உங்கள் மகன் மூளை வளர்ச்சி இல்லாதவன்' என்று பள்ளி எழுதிய கடிதத்தை, 'உங்கள் மகன் மேதை' என்று தாய் மாற்றி வாசித்த அந்த வாட்ஸ்அப் கதை. அப்படியொரு கடிதமே கிடையாது. ஆசிரியர் தன்னை மூளை குழம்பியவன் என்றார், அம்மா கொதித்துப்போய்ப் பள்ளிக்கே போனார் என்றுதான் எடிசன் பின்னாளில் சொன்னார். அந்தத் தாய் நான்சி எடிசனும் ஆசிரியையாக இருந்தவர். பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, போர்ட் ஹியூரனில் வீட்டிலேயே பாடம் சொன்னார். எனக்குக் கட்டுக்கதையைவிட இந்தச் சண்டைக்காரத் தாயைத்தான் பிடித்திருக்கிறது. வகுப்பு மின்விசிறியின் ரெகுலேட்டரைத் தம்பி கழற்றியபோது, "படிக்கிற பையன்தானே சார் கழட்டுவான்?" என்று தலைமையாசிரியரையே திணறடித்தவர் எங்கள் அம்மா.

நிலவறையில் வைத்த ரசாயனக் குப்பிகளை யாரும் தொடாதிருக்க, சிறுவன் எடிசன் எல்லாவற்றிலும் 'விஷம்' என்று எழுதி ஒட்டினானாம். இதைத் தம்பியிடம் சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள் சமையலறை அலமாரி முழுக்க விஷம். காபிக்குச் சர்க்கரை எடுத்த மாமா பதறிப்போய் பாட்டிலைக் கீழே வைத்தார். அம்மா அசரவில்லை. "உங்களுக்குத்தான் சுகர் இருக்கே அண்ணே. பிள்ளை சரியாத்தானே எழுதியிருக்கான்?"

எடிசனின் மின்விளக்கு எரிந்தது 1879-இல். நான்சி 1871-லேயே இறந்துவிட்டார். அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை. தம்பியின் துருவி இன்னும் பாத்திரத்தைக் கண்டுபிடிக்காத நிலையில் இது வேண்டாம் என்று தோன்றியது.

பதிலாக இன்னொன்றைச் சொன்னேன். நான்சி வீட்டுக் கடிகாரத்துக்குப் பின்னால் ஒரு பிரம்பு இருக்கும். வாங்கிய அடியில் அதன் பட்டையே தேய்ந்துபோயிருந்தது என்று எடிசனே நினைவுகூர்ந்திருக்கிறார்.

அம்மா யோசித்தார். "எடிசனுக்கு அண்ணன் உண்டா?"

"உண்டு. இவர் ஏழு பேரில் கடைக்குட்டி."

"அப்போ பிரம்பு அவனுக்காத்தான் இருந்திருக்கும்" என்றார்.