ஜெபக்கூடமும் வாக்காளர் பட்டியலும்

எங்கள் வால்பாறை எஸ்டேட் ஜெபக்கூடத்தில் அன்றைக்கு நாற்காலி கிடையாது. ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்கு மேலே, தகரம் வேய்ந்த ஒற்றை அறை. ஜூன், ஜூலை மழையில் தகரச் சத்தம் பிரசங்கத்தில் பாதியை விழுங்கிவிடும். உபதேசியார் நிறுத்த மாட்டார், நாங்களும் எழுந்திருக்க மாட்டோம். கொழுந்து எடுக்கிறவர், ஸ்டோரில் வேலை பார்க்கிறவர், மேஸ்திரி என்று எல்லாருக்கும் தரையில் விரித்த அதே சாக்குதான். போதகரான ஐயர் மாதத்தில் ஒரு ஞாயிறு நற்கருணை கொடுக்க பஸ் ஏறி வருவார். மற்ற ஞாயிறுகள் உபதேசியாருடையவை. தொழிலாளர் வீடுகளில் எந்த லைனில் யாருக்குக் காய்ச்சல், எந்த வீட்டில் காலையில் அடுப்பு பற்றவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். ஆராதனை முடிந்ததும் செருப்பைக்கூடப் போடாமல் நேராக அந்த வீட்டுக்குத்தான் போவார்.

எங்கள் ஆனைமலையில் தேயிலை வேரூன்றியது 1890-களின் கடைசியில். காட்டை வெட்ட, கன்று நட, கொழுந்து பறிக்க, கங்காணிகள் திருநெல்வேலியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் ஆட்களைத் திரட்டி மலையேற்றினார்கள். அவர்களில் கிறிஸ்தவர்களின் தகரப் பெட்டியில் வேத புத்தகமும் இருந்தது. அந்தக் காலத்து மலேரியாவையும் சாவுகளையும் இந்த எஸ்டேட்டுகளில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் நாவலாக எழுதினார். தமிழில் ‘எரியும் பனிக்காடு’ என்று வந்திருக்கிறது. இங்கே சபை என்பது முதலில் ஒரு சவக்குழியைச் சுற்றி நின்ற கூட்டமாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று அதைப் படித்தபோது தோன்றியது.

அந்த மக்கள் ஊரிலிருந்து இரண்டு பழக்கங்களைக் கூடவே கொண்டுவந்தார்கள். ஒன்று கைப்பிடி அரிசி. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு, ஞாயிறன்று கோயிலுக்குக் கொண்டுபோவது. இன்னொன்று அசனம்: சபை முழுக்க ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. 1903-ல் வேதநாயகம் அசரியாவும் அவரோடு இருந்தவர்களும் திருநெல்வேலி இந்திய மிஷனெரிச் சங்கத்தைத் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல் இந்தியர் கையிலிருந்தே எடுத்து நடத்துவது என்று முடிவு செய்தார்கள். அப்படி முடிவு செய்ய அவர்களுக்குத் துணிச்சல் தந்தது இந்த மாதிரிச் சின்னக் கலயங்கள்தான் என்று நினைக்கிறேன். எங்கள் லைனில் அந்த அரிசி நோயாளி வீட்டுக்குப் போகும். யார் போட்டது, யாருக்குப் போனது என்று எந்த நோட்டிலும் இருக்காது.

அப்போது பிரசங்கங்களில் ஓயாமல் ஒலித்தது உலக ஆசைதான். சினிமா, தலையில் பூ, பொட்டு, பிறகு டெலிவிஷன். ஒரு முறை மல்லிகை வைத்துக்கொண்டு வந்த ஒரு பெண்ணை எங்கள் லைன் ஆச்சி வாசலிலேயே நிறுத்தி, “ஏ பிள்ளே, கோயிலுக்கு வந்தியா, கொட்டாய்க்கு வந்தியா?” என்று கேட்டார். அந்தப் பெண் அழுதுகொண்டே பூவை எடுத்து வேலியில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். ஆச்சி கெட்டவர் இல்லை. அந்தப் பெண்ணின் பிரசவத்துக்கு ராத்திரி முழுக்கக் கண் விழித்ததும் அவர்தான்.

வாசலில் இத்தனை காவல் இருந்தும் உலகம் உள்ளே வந்தது. கணக்கு நோட்டோடும் கல்வெட்டோடும் வந்தது. முதலில் நாற்காலிகள், நல்ல காரியந்தான், வயதானவர்களுக்கு முட்டி வலி. நாற்காலியின் முதுகில் கொடுத்தவர் பெயர் எழுதப்பட்டது. பிறகு மின்விசிறியில், ஸ்பீக்கர் பெட்டியில், கடைசியில் சுவரில். பெரிய காணிக்கை கொடுத்தவருக்கு முன்வரிசை என்பது யாரும் தீர்மானம் போடாமலே வழக்கமாயிற்று. பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடமும் ஏழைக்குக் கால்மாட்டில் இடமும் கொடுப்பதை யாக்கோபு கண்டித்து எழுதிய நிருபம், அந்த வரிசைகளுக்கு முன்னாலேயே வாசிக்கப்படுகிறது.

அதற்குப் பிறகு தேர்தல். சபைக் கமிட்டிக்கு ஆள் தேர்ந்தெடுப்பது அன்றும் உண்டு. உபதேசியார் பெயர் சொல்வார், கை தூக்குவோம். இப்போது அணிகள் இருக்கின்றன. சந்தா கட்டினால்தான் ஓட்டு என்பதால், தேர்தலுக்கு முன்பு யார் யாருக்காகவோ யார் யாரோ சந்தா கட்டுகிறார்கள். பல சபைகள் சேர்ந்த சேகரத்தின் தேர்தலில் தோற்றவர் வேறு ஜெபக்குழு தொடங்குகிறார். அண்ணன் தம்பி இருவரும் நற்கருணைக்கு வெவ்வேறு ஆராதனைக்குப் போகிறார்கள். ஆச்சி இருந்திருந்தால் வாசலில் யாரை நிறுத்தியிருப்பார்?

இந்த அணிச் சண்டை எங்கள் மலையோடு நிற்கவில்லை. 1947 செப்டம்பர் 27-ல் சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபையார் எல்லாம் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. உலகமே திரும்பிப் பார்த்த இணைப்பு அது. எஸ்டேட்டில் அதன் பலன் கண்கூடு. வெவ்வேறு மிஷன்களில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஒரே சாக்கில் உட்கார்ந்தார்கள். அதே திருச்சபையின் உச்ச அமைப்பான சினாட்டை நிர்வகிக்கவும் தேர்தல் நடத்தவும் 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நியமிக்க வேண்டியிருந்தது. செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பழைய காலத்துக்கு வெள்ளையடிக்கவும் எனக்கு மனமில்லை. ஒரே சாக்கில் உட்கார்ந்தவர்கள் பெண் கொடுக்க, எடுக்க வரும்போது சாதி பார்த்தார்கள். உபதேசியாரும் பார்த்தார். பூவுக்கும் சினிமாவுக்கும் எதிராகப் பேசிய மேடையில் இதைப் பற்றி ஒரு பிரசங்கம் நான் கேட்டதில்லை. இன்றைய அணிகள் பல அந்தப் பேசாத இடத்திலிருந்துதான் முளைத்தன.

இதற்கிடையில் மலையே காலியாகி வருகிறது. 2001-ல் 90,000-க்கு மேல் இருந்த வால்பாறையின் மக்கள்தொகை 2011-ல் 71,000 அளவுக்கு இறங்கிவிட்டது. பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட்டார்கள். காலியான லைன் வீடுகளில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த குடும்பங்கள். அவர்களில் ஜார்க்கண்டு ஆதிவாசிக் கிறிஸ்தவர்களும் உண்டு. ராஞ்சிக்கு கோஸ்னர் மிஷனெரிகள் வந்தது 1845-ல். இந்த மலையில் தேயிலை வருவதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முந்தியே அங்கே சபை இருந்திருக்கிறது. நம் தாத்தா பாட்டிகள் வந்த மாதிரியே பெட்டியில் வேதத்தோடு வந்து, அதே அட்டைக்கடிக்கும் அதே குளிருக்கும் நடுவே கொழுந்து எடுக்கிறார்கள். சமீப ஆண்டுகளில் சிறுத்தை தூக்கிப்போன குழந்தைகளில் அவர்கள் குழந்தைகளும் உண்டு. ஒரு சபைக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க நான் போக விரும்பும் இடம் அந்த லைன்கள்தான்.

ஒரு ஜார்க்கண்டுப் பெண் என்னிடம், “அக்கா, கோயில்ல நாங்க உள்ள வரலாமா?” என்று கேட்டாள். அரைகுறைத் தமிழ். அவளும் அவள் வீட்டுக்காரரும் ஞாயிறுகளில் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டுப் போவார்களாம். அவர்களைச் சபைப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லிக் கமிட்டியில் இருக்கும் ஒருவரிடம் கேட்டேன். “சேத்துக்கலாம்மா. சந்தா கட்டுவாங்களா? கட்டினா யாருக்குப் போடுவாங்க?” என்றார்.

“அண்ணே, அது கிடக்கட்டும். இந்த வருஷ அசனத்துக்கு அந்த லைனுக்குச் சொல்லி அனுப்பியாச்சா?” என்றேன். சொல்லவில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நாங்கள் சிலர் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறோம். கோவையிலிருந்து இந்தி வேதாகமம் ஒன்றும் வாங்கி வந்தாயிற்று. அசன ஞாயிறன்று முதல் பாடத்தை அந்தப் பெண் வாசிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். கமிட்டி இன்னும் பதில் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்திலும் கேட்போம்.